புரட்டாசியில் உதிர்ந்த கம்பளி

சேசு மரி சூசை துணை

உவரி,
1911 ஆகஸ்டு 22

தெரசாவின் அப்பாவுக்கு விக்டோரியா எழுதுவது.

இங்கே நான், தெரசா, மாமா மூவரும் சுகம். உங்கள் சுகத்துக்காக இரவு ஜெபத்தில் ஒரு பிரியதத்த மந்திரம் கூடுதலாகச் சொல்லி வருகிறோம். தெரசா பாதியில் தூங்கிவிடுகிறாள், அவள் பங்கையும் நான்தான் சொல்லுகிறேன்.

நேற்று மத்தியானம் வாசலில் ஆட்கள் கூடிப் பேசும் சத்தம் கேட்டது. நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டு ஓடினேன். வந்திருந்ததற்கு நாலு கால் இருந்தது. மூன்று வருஷமாக வருகிறேன் வருகிறேன் என்று எழுதியவர், தமக்குப் பதிலாகக் குதிரையை அனுப்பியிருக்கிறீர்கள். சரி, அதுவாவது வந்ததே.

உங்கள் லாயத்து ஆள் பாபநாசம் என்பவர் அதைத் திருநெல்வேலி ஸ்டேஷனில் இறக்கி, பாளையங்கோட்டை, நாங்குநேரி, வள்ளியூர் வழியாக நடத்தியே கொண்டுவந்து சேர்த்தார். நல்ல மனிதர். குதிரைக்குத் தண்ணீர் காட்டிய பிறகுதான் தாம் சாப்பிட உட்கார்ந்தார். சீமைக் குதிரை, ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தது, காது கிழிந்திருக்கிறது என்று பட்டாளத்துக்காரர் கழித்துவிட்டார்கள், அதை லாயத்துத் துரை உங்களுக்குத் தந்தார் என்று எல்லாம் சொன்னார். ஆனால் இதற்கு ஏன் இத்தனை ரோமம்? கம்பளி ஆடு கணக்காக இருக்கிறது. தெரசா கையை உள்ளே விட்டால் மணிக்கட்டு வரைக்கும் மறைந்துபோகிறது. நிறத்தைப் பார்த்து அவளே கருப்பட்டி என்று பேர் வைத்துவிட்டாள்.

மாமா திரும்பியும் பார்க்கவில்லை. வலை பின்னிக்கொண்டே, "கடலுக்குப் போகத் துப்பில்லாதவன் கழுதைய அனுப்பியிருக்கானோ" என்று வலையிடம் சொன்னார். உவரியிலேயே பெரிய கடலாளி தொம்மைக்கு, கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிற மகன் பிறந்தானே என்று கடற்கரை சிரித்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை. உங்களைக் 'கரை வளன்' என்று கூப்பிட்ட வாய்களோடுதான் அவர் தினமும் உட்கார்ந்து எழும்ப வேண்டியிருக்கிறது. நீங்கள் போன நாள் முதல் உங்கள் பேரை அவர் சொன்னதே இல்லை. 'அவன்' தான்.

நீங்கள் யோசனை சொன்னபடியே செய்யப்போகிறேன். காலையில் கரைக்கு வரும் மீனை வாங்கி, குதிரை வண்டியில் ஏற்றி, வெயில் ஏறுமுன் வள்ளியூர்ச் சந்தையில் இறக்க வேண்டும். மாட்டு வண்டி போய்ச் சேருகிற நேரத்துக்கு மீன் நாறிவிடும், அதனால் வள்ளியூர்க்காரர்கள் கருவாட்டைத்தான் மீன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வண்டி ஓட்ட முத்துமாலை என்கிற ஆளைப் பேசியிருக்கிறேன். மாமாவுக்கு மூட்டு வலி, கடலுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. இந்த வீட்டு அடுப்பு இப்போது என் கூடையை நம்பித்தான் எரிகிறது.

டிசம்பரில் பாலன் பிறப்புத் திருநாளுக்கு வருவதாகச் சொன்னதை நான் மறக்கவில்லை, நீங்களும் மறக்க வேண்டாம்.

உங்கள்
விக்டோரியா


சென்னப்பட்டணம்,
1911 செப்டம்பர் 2

அன்பில் குறையாத விக்டோரியாவுக்கு வளன் எழுதியது.

உன் கடிதம் கண்டு சந்தோஷம். கருப்பட்டி என்ற பேர் நன்றாக இருக்கிறது. இங்கே அதற்கு நம்பர்தான் இருந்தது.

கொள்ளு ஊறவைத்து, அவித்து, ஆறவைத்துக் கொடு. சூட்டோடு கொடுக்காதே. ஓடி வந்தவுடன் தண்ணீர் காட்டாதே. மூச்சு அடங்கட்டும். மணலில் வண்டி இழுக்கப் பழக்கமில்லாதது, முதலில் பாரத்தைக் குறைத்து ஏற்று. இடது பக்கமாகவே கிட்டத்தில் போ. பின்னால் போய் நிற்காதே, தெரசாவை நிற்க விடவே விடாதே. குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா என்று தினமும் தூக்கிப் பார். காலைத் தூக்கும்போது அதன் பேரைச் சொல்லு.

நான் சுகம்தான். லாயத்தில் வேலை முதுகை முறிக்கிறது. போன கப்பலில் வந்த குதிரைகளில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், நான்தான் பார்த்துக்கொள்கிறேன். துரை என்மேல் பிரியமாக இருக்கிறார். ஒரு பேச்சு நடக்கிறது, முடிவான பிறகு எழுதுகிறேன்.

அப்பாவின் மூட்டுக்குத் தைலம் அனுப்புகிறேன். நான் அனுப்பியது என்று சொல்லாதே.

உன்
வளன்


உவரி,
1911 செப்டம்பர் 24

தெரசாவின் அப்பாவுக்கு,

சுகம் விசாரிக்க இப்போது எனக்குப் பொறுமை இல்லை. உங்கள் குதிரைக்கு நோய் வந்துவிட்டது.

முதல் மூன்று வாரமும் ராஜபோகம். காலையில் கரைக்கு வந்த சீலா மீன் கண் மங்காமல் வள்ளியூரில் போய் இறங்கியது. அங்கே சோற்றுக்கடை வைத்திருக்கும் சித்தி ஜனாபா என்ற முஸ்லிம் பெண் கூடையோடு வாங்கிக்கொண்டாள். அப்புறம் ஒரு நாள் கருப்பட்டியின் கழுத்தைத் தொட்டேன், கை நிறைய ரோமம் வந்தது. மறுநாள் முதுகில். அதற்கடுத்த நாள் வயிற்றிலும் தொடையிலும். இப்போது காற்று அடித்தால் கொத்துக் கொத்தாகப் பறக்கிறது. உடம்பு முழுக்கத் திட்டுத் திட்டாக, கறையான் அரித்த ஓலைப்பாய் மாதிரி இருக்கிறது. கண்ட பனைமரத்தில் எல்லாம் போய் உரசிக்கொண்டு நிற்கிறது.

போன செவ்வாய்க்கிழமை சித்தி ஜனாபா சந்தை நடுவில் ஒரு சீலாவைத் தூக்கிப் பிடித்து, "ஏ விக்டோரியா, மீனுக்கு எப்பம்ளா மயிரு மொளச்சிது?" என்று கேட்டாள். சந்தையே சிரித்தது. சிரித்து முடித்த பிறகு ஒருத்தரும் வாங்கவில்லை. சொறி பிடித்த குதிரை இழுத்த மீனைத் தின்றால் தின்றவனுக்கும் சொறி வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். முத்துமாலை கடிவாளத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு தாயி" என்று போய்விட்டார். மீன் முழுவதையும் திரும்பக் கொண்டுவந்து உப்புப் போட்டேன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அது என் வரையில் சரியாகப் போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று நான் தண்ணீருக்குப் போய்த் திரும்புவதற்குள் மாமா கருப்பட்டிக்கு உச்சி முதல் குளம்பு வரை, படகுப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெயைப் பூசி வைத்திருக்கிறார். நான் கத்தினேன். அவர் சட்டியைக் கீழே வைக்காமலே, "வள்ளத்துக்கு வருசா வருசம் பூசுதோம்லா. பலவை வெடிக்காது, பூச்சி அண்டாது. தோலும் பலவையும் ஒண்ணுதாம்ளா" என்றார். ஒரு மாதமாக ஏறெடுத்துப் பார்க்காதவர், பார்த்த அன்றைக்கு இப்படிப் பார்த்தார். இப்போது உதிர வேண்டிய ரோமமும் உதிராமல் சடையாக ஒட்டிக் கிடக்கிறது. ஊர் ஈ எல்லாம் அதன்மேல்தான். பூனைகள் பின்னாலேயே திரிகின்றன. வெயிலில் நிறுத்தினால் தோல் சிவக்கிறது.

இது செத்துப்போகுமா, பிழைக்குமா? பிழைக்குமென்றால் என்ன செய்ய வேண்டும்? செத்துப்போனால் இந்த வீடும் அதோடு சேர்ந்துதான் படுக்கும். உடனே எழுதுங்கள்.

விக்டோரியா


சென்னப்பட்டணம்,
1911 செப்டம்பர் 28

என் விக்டோரியாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துப் பாதியில் தலையில் அடித்துக்கொண்டேன். கருப்பட்டிக்கு நோய் இல்லை. சொல்ல மறந்தது என் புத்தி. இங்கே லாயத்தில் வருஷா வருஷம் பார்க்கிறதால், இது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

அது பிறந்த தேசத்தில் காலம் நமக்கு நேர் எதிர். நமக்கு ஆனி ஆடி வரும்போது அங்கே பனி கொட்டுகிற குளிர். அந்தக் குளிருக்குக் குதிரைகள் கம்பளி மாதிரி ரோமம் வளர்த்துக்கொள்ளும். புரட்டாசியில் அங்கே குளிர் விட்டு, புல் முளைக்கிற வசந்தம் தொடங்கும். அப்போது பழைய ரோமத்தை உதிர்த்துவிடும். உவரியில் நிற்கிறோம் என்று அதன் உடம்புக்கு இன்னும் தெரியாது. முதல் வருஷம் இப்படித்தான். அடுத்த வருஷம் நம் ஊர்க் காலத்துக்குத் திரும்பிவிடும்.

சந்தேகமிருந்தால் ரோமத்தை விலக்கி அடியில் பார். தோல் சுத்தமாக, பொடி ரோமம் பளபளவென்று முளைத்திருந்தால் நல்லது. பொருக்கும் புண்ணுமாக இருந்தால்தான் சொறி.

முதலில் எண்ணெயை எடு. கஞ்சித் தண்ணீரில் சீயக்காய் கரைத்துக் காலை வெயிலில் குளிப்பாட்டு. கண்ணில் படக்கூடாது. இரண்டு மூன்று தரம் செய்தால் போய்விடும். ஈரம் காய்ந்த பிறகு தென்னை நாரை உருட்டிப் பிடித்துக்கொண்டு, கழுத்திலிருந்து தொடங்கி வட்டமாகத் தேய். பிறகு ரோமம் படிந்த திக்கிலேயே நீளமாக இழுத்துவிடு. எலும்பு தட்டுகிற இடத்திலும் வயிற்றடியிலும் நார் கூடாது, உள்ளங்கையால் தேய். கையோடு வருகிறதை எடு, வராததைப் பிய்க்காதே, நாளைக்கு அது தானே வரும். தினமும் கொஞ்சம் எள்ளுப் பிண்ணாக்கு கொடு. பனைமரத்தில் உரசினால் தடுக்காதே, அதற்கு அரிக்கும். மழை தொடங்குமுன் பழைய ரோமம் எல்லாம் இறங்கிவிட வேண்டும். நனைந்த கம்பளியோடு நின்றால் சளி பிடிக்கும்.

உன்னைச் சந்தையில் சிரித்தார்கள் என்று படித்தபோது மனம் கஷ்டப்பட்டது. அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பாலன் பிறப்புக்கு வருவதைப் பற்றிப் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

உன்
வளன்


உவரி,
1911 அக்டோபர் 16

தெரசாவின் அப்பாவுக்கு விக்டோரியா எழுதுவது. அனைவரும் சுகம். இந்த முறை கருப்பட்டியையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ரோமத்தை விலக்கிப் பார்த்தேன். அடியில் புதுசு, வெல்லப் பாகு மாதிரி மின்னியது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். ஏன் அழுகிறேன் என்று தெரசா கேட்டதற்கு, கண்ணில் ரோமம் விழுந்துவிட்டது என்றேன்.

மூன்று தரம் குளிப்பாட்டியும் சுறா வாடை இன்னும் முழுசாகப் போகவில்லை. காய்ந்தபின் நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். கருப்பட்டி என்னை விட்டு விலகி விலகிப் போயிற்று, நான் சுற்றிச் சுற்றிப் போனேன். கூரையடியில் இருந்து மாமா, "மீன் செதிலா சுரண்டுத? பைய தேயிளா, அதுக்கு வலிக்கும்லா" என்றார். நீங்களே வந்து செய்யுங்கள் என்று நாரைக் கீழே போட்டேன். அப்புறம் மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு கிழிந்த வலைத் துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். வலை முடிச்சில் ரோமம் சிக்கிக்கொண்டு எத்தனை அழகாக வருகிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும். நாரைவிட அதுதான் நல்லது, உங்கள் லாயத்திலும் சொல்லுங்கள். கருப்பட்டி மேலுதட்டை நீட்டி நடுக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, கழுத்தை அப்படியே அவர் தோளில் சாய்த்துவிட்டது. "சவம், பாரத்தை எல்லாம் நம்ம மேல போடுது" என்றார். ஆனால் தோளை எடுக்கவில்லை.

அன்று முதல் காலையும் மாலையும் அவர்தான். உதிர்ந்த ரோமம் முற்றத்தில் ஒரு பிள்ளை உயரத்துக்குக் குவிந்தது. அதைக் குங்கிலியத்தோடு பிசைந்து வள்ளத்து இடுக்கில் திணித்துப் பார்த்தார், தண்ணீர் கசியவில்லையாம். உங்கள் குதிரை இப்போது பாதி கடலுக்குப் போய்வருகிறது.

மழை வருமுன் கம்பளி முழுவதும் இறங்கிவிட்டது. போன வாரம் கருப்பட்டியை வள்ளியூருக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். சித்தி ஜனாபா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது வேற குருதைல்லா" என்றாள். அதேதான் என்று நம்பவைக்கக் கிழிந்த காதைக் காட்ட வேண்டியிருந்தது. கூடைகளை இப்போது ஓலைப்பாயால் மூடிக் கட்டுகிறேன். வாங்குகிறார்கள். முத்துமாலையும் தலையைச் சொறிந்துகொண்டு திரும்ப வந்தார்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. குதிரைக்கு முதல் வருஷம்தான் அப்படி, அடுத்த வருஷம் நின்ற ஊர்க் காலத்துக்கு மாறிவிடும் என்று எழுதினீர்கள். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. எந்த ஊர்க் காலத்தில் இருக்கிறீர்கள்? பிண்ணாக்கு முதல் குளம்பு வரைக்கும் அத்தனை விவரமாக எழுதத் தெரிந்தவருக்கு, எந்த நாள் வண்டி ஏறுவேன் என்று ஒரு வரி எழுத வரவில்லை. ஏதோ பேச்சு நடக்கிறது என்றீர்கள். என்ன பேச்சு? இராத்திரி படுத்தால் அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. எதுவானாலும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்கள்
விக்டோரியா


சென்னப்பட்டணம்,
1911 அக்டோபர் 30

என் விக்டோரியாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இது எத்தனையாவது என்று எனக்கே தெரியாது.

நவம்பர் 22ஆம் தேதி துரையின் கப்பல் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படுகிறது. குதிரைகளைத் தெரிந்தெடுத்து, வழியில் பார்த்துக் கொண்டுவர என்னைக் கூப்பிடுகிறார். லாயத்துக்கே பெரிய ஆளாக வைப்பதாகச் சொல்லுகிறார். போய்த் திரும்ப அடுத்த ஆடி ஆகிவிடும். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

உனக்குச் சிரிப்பு வரலாம். துறைமுகத்தில் படகில் ஏறிக் கப்பல் கிட்டே போவதற்குள்ளேயே எனக்கு வயிறு புரட்டுகிறது. போன வாரம் லாயத்து ஆட்கள் முன்னாலேயே வாந்தி எடுத்தேன். ஆனாலும் போகத்தான் போகிறேன். கட்டுமரத்தில் நாலு துடுப்புத் தூரம்கூடப் போகாதவன் பெருங்கடலைத் தாண்டி வந்தான் என்று ஒரு நாள் உவரிக் கடற்கரையில் பேச வேண்டும். பதவிக்காக என்று துரை நினைக்கிறார். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், பதவிக்காக இல்லை. வெறும் லாயக்காரனாக அப்பா முன்னால் வந்து நிற்க எனக்கு முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் டிக்கெட் வாங்க எழும்பூர் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கிறேன். அவர் வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் வரும், திரும்பிவிடுவேன்.

அவர் கருப்பட்டிக்குத் தோள் கொடுத்தார் என்று எழுதினாய். அந்த வரியைப் பல தடவை படித்தேன். அந்தக் குதிரைமேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

இதை அவரிடம் சொல்ல வேண்டாம். திரும்பி வந்த பிறகு நானே சொல்லுகிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட முகமில்லை. அடுத்த ஆடி வரைக்கும் பொறுத்துக்கொள்.

உன்
வளன்


உவரி,
1911 நவம்பர் 10

தெரசாவின் அப்பாவுக்கு,

சொல்ல வேண்டாம் என்று எழுதினீர்கள். சொல்லிவிட்டேன். கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மாமாவுக்கு வாசித்தேன், பொறாமை என்று எழுதிய இடத்தையும் விடவில்லை. ஒரு வீட்டு ஆண்கள் இரண்டு பேர் மூன்று வருஷமாக என்னை நடுவில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது போதும்.

அவர் கருப்பட்டியின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றுபோயிற்று. "வளன் எதுக்குளா கடலைத் தாண்டணும்? இங்கன யாரு கேட்டா?" என்றார். உங்கள் பேரை அவர் வாயால் மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன். "நீங்கதான் மாமா கேட்டீங்க. வாயத் தொறக்காம மூணு வருசமா கேட்டுக்கிட்டே இருக்கீங்க" என்றேன். மாமனாரிடம் இப்படிப் பேசலாமா என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். பேசிவிட்டேன், அவ்வளவுதான்.

அன்று அவர் சாப்பிடவில்லை. கடற்கரைக்குப் போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். மறுநாள் காலையில் கருப்பட்டிக்குக் கொள்ளு வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவன்கிட்ட சொல்லு. எனக்கும் மொதல்ல அப்பிடித்தான். எங்க அப்பா கூட கட்டுமரத்துல போவும்போதெல்லாம் கொடலே வெளிய வந்துரும். ரெண்டு வருசம். எங்க அப்பா செத்துட்டாரு, நானும் ஒருத்தன்கிட்டயும் சொன்னதில்ல. எம்மவனும் கக்குதத பாத்தப்பம் எனக்கு என்னையவே பாத்த மாதிரி இருந்துச்சி. அதான் மூஞ்சத் திருப்பிக்கிட்டேன். கப்பல்ல போறதா இருந்தா போவட்டும். அடித்தட்டுல படுக்காண்டாம். கிட்ட வார அலையப் பாக்காண்டாம், வானம் முட்டுத எடத்தப் பாக்கணும். வெறும் வயித்தோட இருக்கப்படாது. போவலன்னா, இங்க வரட்டும். எனக்குத் தாண்டிக் காட்டாண்டாம்."

சொல்லிவிட்டு முகத்தைக் குதிரைக்கு அந்தப் பக்கமாக வைத்துக்கொண்டார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

இதை எழுதி அனுப்பிவிட்டு மறுபடியும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த நினைப்பே கசந்தது. பாளையங்கோட்டை கன்னியர் மடத்துத் தாயார்கள் இரண்டு பேர் வருகிற பதினாறாம் தேதி பட்டணம் போகிறார்கள், சின்ன வயசில் எனக்குப் பாடம் சொன்னவர்கள்தான். நானும் தெரசாவும் அவர்களோடு ரயில் ஏறுகிறோம். திருநெல்வேலி ஸ்டேஷனுக்கு எங்களைக் கருப்பட்டி வண்டியில் கொண்டுவிட மாமாவே வருகிறார். நான் திரும்பும் வரைக்கும் வள்ளியூர் மீனையும் அவரே பார்த்துக்கொள்வார். நேற்று ஓட்டிப் பழக அவர் வண்டியில் ஏறியதற்குக் கடற்கரையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் பதிலுக்குத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

பதினேழாம் தேதி எழும்பூர் ஸ்டேஷனுக்கு வாருங்கள். தெரசாவுக்கு உங்கள் முகம் நினைவில்லை, அவளை முதலில் தூக்குங்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போவதானால் எங்கள் கண் முன்னால் கப்பல் ஏறுங்கள், நான் கையசைத்து அனுப்புகிறேன். போகாவிட்டால் மூன்று பேராக ஊர் திரும்புவோம். இரண்டில் எது என்பதை என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இதற்குப் பதில் எழுதாதீர்கள். எழுதினாலும் வாங்குவதற்கு நான் உவரியில் இருக்கமாட்டேன்.

விக்டோரியா